பித்தளை விளக்கில் வழிந்த ஈயம்: உருக்குவதா, சுரண்டுவதா?

குத்துவிளக்கின் மரை தேய்ந்து தட்டு ஆடத் தொடங்கியதும், ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். பிற்காலத்தில் அதே விளக்கைப் புளி போட்டுத் துலக்கும்போது, தண்டின் கடைசல் வளையங்களில் வழிந்து உறைந்த சாம்பல் நிறத் திட்டுகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

அவற்றை உருக்கி எடுப்பதே விரைவான வழி. வெள்ளீயம் 60, காரீயம் 40 பங்கு கலந்த பற்று (ஒட்டவைக்கும் ஈயக் கலவை) ஏறக்குறைய 190 டிகிரி செல்சியஸில் முழுதும் உருகிவிடும். பித்தளை உருகவோ 900 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். திட்டு கண்ணாடிபோல மினுங்கும் கணத்தில் தடித்த பருத்தித் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் வெப்பம் தண்டு முழுவதும் பாய்வதால், நன்றாக இருக்கும் பழைய பற்றும் இளகிவிடும். பாட்டியின் விளக்கில் நான் அப்படித்தான் மேல்தட்டைக் கழன்று விழவிட்டேன். துடைத்த ஈயம் சுத்தமான பகுதியிலும் வெள்ளைத் தோலாகப் படிகிறது. அங்கே வெள்ளீயம் பித்தளையிலுள்ள செம்போடு இணைந்துவிடுவதால், மீண்டும் சூடாக்கினாலும் அது போவதில்லை. உருகிய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல் சிறு பொருள்களுக்கு மிக நல்லது. கனத்த தண்டிலோ சிறிய சால்டரிங் அயர்னின் சூட்டைப் பித்தளையே இழுத்துக்கொள்ளும்.

சுரண்டுவதற்கு நேரம் பிடிக்கும், ஆயினும் என் தேர்வு அதுவே. இரும்புக் கத்தியை விட்டுவிட்டு, ஒரு பித்தளைப் பட்டையின் முனையைச் சாய்வாகத் தீட்டிக்கொள்ள வேண்டும். அது ஈயத்தைவிடக் கடினமானது, விளக்கைவிடக் கடினமானதன்று. மெல்லத் தள்ளினால் ஈயம் சுருள் சுருளாக எழும்பும்; பித்தளையைத் தொட்டதும் முனை வழுக்குவதைக் கை உடனே உணர்ந்துவிடும். எஞ்சும் வெள்ளைத் தோலை நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்க்கலாம். உலர்வாகத் தேய்த்தால் காரீயத் தூசு மூச்சில் கலக்கும் என்பதால் ஈரம் கட்டாயம்.

வினிகரோடு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து ஊறவைக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காரீயத்தோடு பித்தளையையும் அரித்து, மேற்பரப்பைச் செம்புச் சிவப்பாக்கிவிடும். மிஞ்சும் நீரோ காரீயம் கரைந்த நஞ்சு, அதைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது.

எந்த வழியானாலும், தட்டையும் தண்டையும் பிடித்து நிற்கும் உள் ஈயத்தைத் தொடாமல், வளையங்களில் வழிந்ததை மட்டும் எடுக்க வேண்டும்.