மீட்பு நாய் தத்தெடுக்கப் போகிறீர்களா? எழுத்தில் எதுவும் இல்லாமல் டெபாசிட் கட்டாதீர்கள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் மீட்பு நாய் ஒன்றைத் தத்தெடுக்க நினைப்பவர்கள், காசு அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாய்களை மீட்பவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், நாயைக் கண்ணில் காட்டாமலேயே எங்களிடம் 550 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, கடைசியில் "உங்கள் வீடு சரிப்படாது" என்று அனுப்பிவிட்டார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. போலீஸ் புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் செந்தூல் பக்கம் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறோம். நான், என் வீட்டுக்காரர், என் மாமனார். மாமா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பார். முன்பு எங்களிடம் இருந்த நாய் கிழடாகி, சிறுநீரகம் கெட்டு இறந்துபோனது. அடுத்த நாயைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், குட்டியும் வேண்டாம், யாரும் எடுக்காத வளர்ந்த நாட்டு நாயாகப் பார்த்து எடுப்போம் என்று மாமாதான் சொன்னார். குட்டிகளை எடுக்க ஆள் வருவார்கள். வளர்ந்த நாயைத் திரும்பிப் பார்க்க ஆள் குறைவு.

ஃபேஸ்புக்கில் ஒரு படம் கண்ணில் பட்டது. செம்பழுப்பு நிறத்தில் பெண் நாய், வாயைச் சுற்றிக் கறுப்பு, இடது காது மட்டும் மடிந்திருக்கும். ரவாங் பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் மீட்டதாகவும், 3 வயது ஆவதாகவும், தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்துவிட்டதாகவும் எழுதியிருந்தது. தத்தெடுப்பு இலவசம், நல்ல வீடு கிடைத்தால் போதும் என்றும் இருந்தது. பதிவு போட்டவர் தனியாளாக நாய்களை மீட்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

முதலில் ஒரு விண்ணப்பப் பாரம் அனுப்பினார். ஐசியின் (அடையாள அட்டையின்) இரண்டு பக்கமும் வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும், மின்சார பில் வேண்டும், வீட்டின் முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை வீடியோ வேண்டும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீட்டில் ஆள் இருக்கும், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகள் இருந்தன. அவை நியாயமானவை. "குழந்தை பெறும் எண்ணம் உண்டா? எப்போது?" என்றும் ஒரு கேள்வி இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. குழந்தை பிறந்ததும் நாயைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் கேட்கிறோம் என்றார். சரி, அப்படிப்பட்டவர்களையும் அவர் பார்த்திருப்பார் என்று நினைத்துப் பதில் எழுதினேன்.

கேள்வி கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் ஆட்களிலேயே எத்தனை பேர் நாயை இரண்டு முழச் சங்கிலியில் கட்டி, வெயிலிலும் மழையிலும் வாசலில் போட்டுவைக்கிறார்கள்? வீடு மாறும்போது பழைய தாமானிலேயே (குடியிருப்பிலேயே) விட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லையா? தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்களில் எத்தனை திரும்பி வருகின்றன? 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, பிராணியைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் நாயைக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் தினமும் போய் யார் பார்க்க முடியும்? அதனால் கொடுப்பதற்கு முன்பே துருவிக் கேட்பதில் எனக்குக் குறையில்லை. அடுக்குமாடி வீடுகளுக்குக் கொடுக்கப் பலர் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது என்று அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. நிர்வாகம் கடிதம் கொடுத்தால் கடைசியில் தெருவுக்கு வருவது நாய்தான்.

எங்கள் கதை வேறு மாதிரி போனது. அக்கா வீட்டைப் பார்க்க வந்தார். கேட்டின் அடியில் இருந்த இடைவெளியில் தன் கைமுட்டியை நுழைத்துக் காட்டி, "இந்தச் சந்துல தலைய விட்டு வெளிய போயிரும்மா, மூடிட்டுச் சொல்லு" என்றார். வெல்டிங் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டின் அடிப்பாகம் முழுக்கக் கம்பிவலை அடித்தோம். 380 வெள்ளி ஆனது. படம் எடுத்து அனுப்பியதும் பின்பக்கச் சுவர் தாழ்வு என்றார். அதற்கும் மேலே வலை போட்டோம். அப்புறம், மாமாவுக்கு வயதாகிவிட்டது, நாய் இழுத்தால் விழுந்துவிடுவார் என்றார். காலையிலும் மாலையிலும் நாங்கள்தான் நடக்கக் கூட்டிப்போவோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒன்றை முடித்தால் இன்னொன்று வந்தது. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தால், முடியும் முடியாது என்று நாங்களும் அன்றே முடிவு செய்திருப்போம்.

பிறகுதான் பணப் பேச்சு வந்தது. 300 வெள்ளி உறுதித் தொகை, 250 வெள்ளி கருத்தடை டெபாசிட், அதாவது நாய்க்குக் கருத்தடை செய்த சீட்டைக் காட்டினால் திரும்ப வேண்டிய பணம். "அக்கா, கருத்தடை ஆயிருச்சுன்னுதானே போட்டிருந்தீங்க?" என்று கேட்டேன். "எல்லா நாய்க்கும் ஒரே ரூல்தாம்மா, அப்புறம் திருப்பிக் குடுத்துருவேன்" என்றார். ரசீது கேட்டதற்கு பேங்க் ஸ்லிப்பே ரசீதுதான் என்று பதில். கணக்கு அவர் பெயரில் இல்லை. தம்பி கணக்கு என்றார். சனிக்கிழமை நாயைக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னதால் பணத்தை அனுப்பினோம். மாமா தட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் வாங்கி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை நாய் வரவில்லை. காய்ச்சல் என்றார். வந்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, தங்க வைத்திருக்கும் வீட்டில் வெளியாட்களை விட மாட்டார்கள் என்றார். அப்படியானால் தடுப்பூசி அட்டையையாவது அனுப்புங்கள் என்று கேட்டேன். வந்த படத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். கால்நடைக் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள். பார்த்த உடனே, "அக்கா, ஸ்டிக்கர் எங்கே?" என்றாள். தடுப்பூசி மருந்துப் புட்டியில் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட சின்ன லேபிள் இருக்கும், அதை உரித்து அட்டையில் ஒட்டி, பக்கத்தில் மருத்துவர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். இந்த அட்டையில் லேபிள் ஒட்டும் கட்டம் காலி. நீலப் பேனாவில் தேதியும் ஒரு கிறுக்கலும்தான் இருந்தன, கிளினிக் முத்திரை இல்லை. மேலே எழுதியிருந்த பிறந்த தேதிப்படி கணக்குப் பார்த்தால் நாய்க்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. படத்தில் இருப்பது நன்றாக வளர்ந்த நாய். அட்டை வேறு ஏதோ நாயுடையதாக இருக்க வேண்டும்.

இதை மரியாதையாகத்தான் கேட்டேன். அன்று இரவே பதில் வந்தது. எங்களுக்குச் சந்தேக புத்தி இருக்கிறதாம், அப்படிப்பட்ட வீட்டுக்கு நாயைக் கொடுக்க மாட்டாராம், கட்டிய பணம் நாயின் தீனிக்கும் மருந்துக்கும் செலவாகிவிட்டதாம். அதோடு எண்ணைத் தடை செய்துவிட்டார். என் ஐசி நகலும் சம்பளச் சீட்டும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. சில வாரங்கள் கழித்து அதே நாய், அதே மடிந்த காது, அதே படம், வேறு பெயரில் வேறொரு பக்கத்தில் வந்தது. இந்தத் தடவை மீட்ட இடம் கிள்ளான் என்று போட்டிருந்தது.

போலீசில் புகார் கொடுத்தோம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். அங்கே மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் அது வியாபாரம் செய்பவர்மேல் பயனீட்டாளர் கொண்டுபோகும் வழக்குக்கானது. "நான் தொண்டு செய்கிறேன், வியாபாரி இல்லை" என்று எதிராளி சொன்னால் அந்த வாக்குவாதத்திலேயே நேரம் போகும். பணம் அனுப்பிய கையோடு சந்தேகம் தட்டினால், உடனே 997-க்கு அடியுங்கள். மோசடிப் புகார்களுக்கான தேசிய மையம் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் பலன். அனுப்புவதற்கு முன்பே போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். காட்டவில்லை என்பதற்காக நல்ல கணக்கு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது, இதுவரை யாரும் புகார் செய்யாமலும் இருந்திருக்கலாம்.

ஒழுங்காக நடத்துபவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது என் சித்தி மகள் மூலம். அவள் பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் வந்து, பினாங்கில் தெருநாய்களைக் கொன்றார்களே, அந்தக் காலத்திலிருந்து நாய்களைக் காப்பாற்றி வரும் ஒரு அம்மாவிடம் அவள் நாய் எடுத்தாள். அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. வீட்டைப் பார்த்தார், வேலை நேரம் கேட்டார், சங்கிலியில் கட்ட மாட்டேன் என்று எழுதி வாங்கினார். ஆனால் நிபந்தனை எல்லாம் ஒரே தாளில், முதல் நாளே இருந்தது. நாயை நேரில் பார்க்கவும், கூட நடக்கவும் விட்டார். கிளினிக் பெயரையும் எண்ணையும் கொடுத்து, நீயே கூப்பிட்டுக் கேள் என்றார். நாய் குட்டியாக இருந்ததால் கருத்தடை டெபாசிட் வாங்கினார், ஆறு மாதம் கழித்து மருத்துவரின் சீட்டைக் காட்டியதும் மறுநாளே பணத்தைப் போட்டுவிட்டார். உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப்புழுவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வளர்ந்த நாய்களைக் கொடுப்பாராம். நம் ஊரில் கொசுவும் உண்ணியும் இருக்கிற லட்சணத்துக்கு அந்தப் பரிசோதனை இல்லாமல் வளர்ந்த நாயை எடுப்பது, நமக்கும் நாய்க்கும் பெரிய சுமை. இதயப்புழுவுக்கு வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் அதிகம்.

ஆகவே எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும், அவர் நம்மைக் கேட்கிற அளவுக்கு நாமும் அவரைக் கேட்கலாம். நாயை நேரில் பார்க்காமல் ஒரு காசும் வேண்டாம். சங்கம் என்று சொன்னால் சங்கப் பதிவிலாகாவில் பதிந்த எண்ணைக் கேளுங்கள், வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனியாள் என்றால் கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும். தம்பி கணக்கு, தோழி கணக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டெபாசிட் எதற்கு, எப்போது திரும்பும், அவர் மறுத்தால் என்ன ஆகும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். சம்பளச் சீட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஐசி நகல் கேட்டால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'நாய் தத்தெடுப்புக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். இதற்கெல்லாம் கோபப்படுகிறவரிடம் நாய் எடுக்க வேண்டாம்.

அந்த மடிந்த காது நாயின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால், உங்கள் வட்டாரக் காவல் நிலையத்தில் தனியாக ஒரு புகார் கொடுத்துவிடுங்கள். பேங்க் ஸ்லிப், வாட்ஸ்அப் உரையாடல், அந்தப் பதிவின் படம் எதையும் அழிக்காதீர்கள். ஒரே கணக்கு எண்ணின்மேல் பல புகார்கள் சேர்ந்தால் விசாரிப்பவருக்கும் பிடி கிடைக்கும். என் புகார் எண் வேண்டும் என்றால் தனியாகக் கேளுங்கள், தருகிறேன்.