பித்தளை இறக்கை பழைய ஃபேன்கள்: வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் தெரிவது

பழைய டேபிள் ஃபேன் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இறக்கையின் பளபளப்பை. கடைசியில் பார்ப்பது ஒயரை. நாலைந்து கோடை கடந்தபின் எது இன்னும் ஓடுகிறது, எது அலமாரிக்கு ஏறிவிட்டது என்று எண்ணினால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது விளங்கும். பித்தளையை ஒரு பிற்பகலில் மினுக்கிவிடலாம். எரிந்த காயிலும், தண்டைத் தாங்கும் தேய்ந்த புஷ்ஷும் அப்படி ஒரு பிற்பகலில் சரியாகாது.

இங்கே சொல்வதெல்லாம் ஏறத்தாழ 1900 முதல் 1940 வரை வந்த மேஜை ஃபேன்களைப் பற்றி: எமர்சன், ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ், ராபின்ஸ் அண்ட் மையர்ஸ் போன்றவை. முதல் முறை வாங்குகிறவர் 12 அங்குலத்தோடு நிற்பது நல்லது. அதிகம் கிடைப்பது அந்த அளவுதான், உதிரி பாகமும் அதற்குத்தான் சுலபமாக அகப்படும். 16 அங்குலத்தின் காற்று அபாரம், ஆனால் சின்ன அறையில் காகிதம் எதுவும் மேஜையில் தங்காது.

சத்தத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குறுகலான பித்தளை இறக்கைகள் முழு வேகத்தில் காற்றைக் கிழிக்கும். அது பழுது அல்ல, அந்த வடிவத்தின் குணம். படுக்கையறைக்கு வேண்டுமென்றால் 1930களின் அகலமான இறக்கைகளைத் தேடலாம். எமர்சனின் சில்வர் ஸ்வான் அலுமினிய இறக்கையும், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வோர்டலெக்ஸ் இறக்கையும் அமைதிக்காகவே பேர் வாங்கியவை. அழகில் பித்தளைக்குக் கீழே, தூக்கத்துக்கு மேலே.

மோட்டாரின் மெல்லிய ரீங்காரமும் இயல்புதான். மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு இரண்டு மடங்கில் அது ஒலிக்கும். "டக் டக்" என்ற தட்டல் வந்தால்தான் கவலை. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் நழுவுவது வேறு விஷயம். அதற்கு அரை மில்லிமீட்டர் ஃபைபர் வாஷர் ஒன்றோ இரண்டோ போட்டால் தீரும்.

இனி மின்சாரம். அதிக ஃபேன்களைக் கொன்றது துரு அல்ல, தவறான பிளக். பெயர்த்தகட்டில் வோல்டேஜ், ஏசியா டிசியா, சைக்கிள் (அலைவெண்) எவ்வளவு என்ற மூன்றையும் படிக்காமல் சொருகக் கூடாது. சில பழைய தகடுகளில் சைக்கிளுக்குப் பதில் ஆல்டர்னேஷன், அதாவது நிமிடத்துக்கு எத்தனை முறை மின்சாரம் திசை மாறுகிறது, என்று போட்டிருக்கும்: 7200 என்றால் 60 ஹெர்ட்ஸ், 6000 என்றால் 50, 16000 என்றால் 133. ஏசி இண்டக்ஷன் மோட்டாரை டிசியில் கொடுத்தால் காயிலின் வெறும் மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்கும். சில நிமிடங்களில் புகை வந்துவிடும். டிசி ஃபேனின் உள்ளே கார்பன் பிரஷ்ஷும், அது உரசும் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டரும் இருக்கும்; ஆனால் சில ஏசி ஃபேன்களிலும் இவை உண்டு என்பதால் தகடே தீர்ப்பு.

120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஃபேனை 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அலைவெண் ஆறில் ஒரு பங்கு குறைந்தால், அதே வோல்டேஜில் இரும்புக் கருவுக்குள் காந்தப்பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கரு காந்தப்பாயத்தைத் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும், மோட்டார் தேவையில்லாமல் சுடும். வோல்டேஜையும் அதே விகிதத்தில் இறக்கி 100 வோல்ட் கொடுப்பதே சரி. 200 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஃபேனுக்குத் தாராளம். நான்கு துருவ மோட்டாரின் ஒத்திசைவு வேகம், அதாவது அலைவெண் நிர்ணயிக்கும் உச்ச வேகம், நிமிடத்துக்கு 1800லிருந்து 1500 சுற்றாகக் குறையும். காற்று கொஞ்சம் மட்டுப்படும், சத்தமும்தான்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது சீரீஸ் லேம்ப் இல்லாமல் கொடுக்காதீர்கள். இறக்கையைக் கழற்றிவிட்டு, 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் பல்பு அதன் ஃபேன் பக்கத்தில், அதே வோல்டேஜுக்கு ஏற்றதாக. பல்பு மங்கலாக எரிந்து மோட்டார் உறுமினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட். எரியவே இல்லை என்றால் ஒயரோ காயிலோ அறுந்திருக்கிறது. அதிவேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் செத்துக் கிடந்தால், அடித்தட்டில் இருக்கும், வேகத்தைக் குறைக்கும் காயிலைப் பாருங்கள், மோட்டாரை அல்ல.

ஒயரிங்கில் பாதி வேலை செய்வதைவிட செய்யாமலே விடுவது மேல். வெளியே தெரியும் ஒயரை மட்டும் புதிதாகத் துணி உறை ஒயராக மாற்றிவிட்டு, அடித்தட்டிலிருந்து மோட்டார் தலைக்குப் போகும் ஒயரை அப்படியே விட்டுவிடுவது பரவலான தவறு. தலையாட்டும் ஃபேனில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வளைவது அந்த ஒயர்தான். ரப்பர் காப்பு முதலில் பொடிந்து உதிர்வதும் அங்கேதான். மெல்லிய இழைகள் நிறைந்த 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். அடித்தட்டில் ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் புஷ்ஷும், உள்ளே இழுவை தாங்கும் முடிச்சும் அவசியம். எர்த் ஒயரையும் சேர்த்து மூன்று கோர் போட்டு, வெளியில் தெரியாத இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு உடலோடு இறுக்குங்கள். மூல வடிவம் கெடுகிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இரும்பு உடலில் கைபடுகிற பொருளுக்கு அந்தக் கறாரெல்லாம் வேண்டாம்.

வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெகரில் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) காயிலுக்கும் உடலுக்கும் இடையே பார்க்க வேண்டும். ஒரு மெகோமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக் கூடாது. பல வருடம் ஈரத்தில் கிடந்தது என்றால் 60, 70 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் காயவைத்து மறுபடி சோதித்தால் ஏறிவிடுவதும் உண்டு.

எண்ணெய் விஷயத்தில் ஒரே கண்டிப்பு: துருவை இளக்கும் ஸ்ப்ரேயை எண்ணெய் என்று நினைத்து அடிக்காதீர்கள். அது ஆவியாகி, மிச்சம் பிசினாகித் தண்டை இறுக்கிவிடும். டிடர்ஜென்ட் சேராத எஸ்ஏஇ 20 எண்ணெய் அல்லது ஐஎஸ்ஓ 32 டர்பைன் எண்ணெய் நெடுநாள் ஓட்டத்துக்கு ஒத்துவரும். முதல் தடவை, புஷ்ஷுக்கு எண்ணெய் கொடுக்கும் ஃபெல்ட் திரி ஊறும்வரை விட வேண்டும். தினமும் ஓடினால் பிறகு மாதம் இரண்டு மூன்று சொட்டு. அதிகம் ஊற்றினால் காயிலில் வழிந்து தூசியைச் சேர்க்கும், சுவரிலும் கோடு போடும்.

தலையாட்டும் கியர் பெட்டியில் இருக்கும் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதை முழுக்கச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, புதிய லித்தியம் கிரீஸ் வைக்காமல் ஓட்டினால் தண்டின் பின்முனையில் இருக்கும் வார்ம் (திருகு வடிவ கியர்), எதிரே இருக்கும் பல்லைச் சீவிவிடும். ஓடும்போது தலையைக் கையால் பிடித்துத் திருப்புவதும் அதே முடிவுக்குத்தான் கொண்டுபோகும். 1930களின் துத்தநாக வார்ப்புப் பெட்டிகளில் இன்னொரு நோயும் உண்டு. வார்ப்பு தானாகவே உப்பி, மயிர்க்கோடுகள் விட்டு உதிரும். உலோகத்தில் கலந்த ஈய மாசு அதற்குக் காரணம். எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது. அப்படிக் கோடு விழுந்த ஃபேனை உதிரி பாகத்துக்கு மட்டும் வாங்கலாம்.

மோட்டாரைப் பிரிக்கும்போது முன், பின் மூடிகளில் குறி போட்டுக்கொள்ளுங்கள். இறக்கையின் செட் ஸ்க்ரூ தண்டில் ஒரு பிசிறை எழுப்பியிருக்கும். அதை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமமாக்காமல் தண்டை முன் புஷ் வழியாக உருவினால், நூறு வருடம் தேயாத புஷ்ஷில் ஒரு நொடியில் வரி விழும். பழுதுபார்க்கும்போதே பழுதாக்குவதில் இதுதான் முதலிடம். திரும்ப மூடும்போது திருகுகளைக் குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிடித்தால் தளர்த்தி மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இரண்டு மணி நேரம் ஓடியபின் மோட்டார் உடல் 60 டிகிரி வரை போகலாம், இந்தக் கால ஃபேனோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். உள்ளங்கையை நாலைந்து நொடி வைக்க முடிகிறதா என்பதே கைக்கணக்கு.

பித்தளை மினுக்குவதில் அம்மோனியா கலந்த திரவங்களைத் தொடாதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை, குறிப்பாக ரிவெட் ஓரங்களை, அம்மோனியா விரிசல் விடவைக்கும். அமிலத்தில் ஊறப்போட்டால் துத்தநாகம் வெளியேறி இறக்கை இளஞ்சிவப்பாகும். ரிவெட் அருகே மயிர்க்கோடு தெரிந்த இறக்கையை எந்த வேகத்திலும் சுழற்றக் கூடாது. தெறிக்கும் துண்டு அந்தக் கால அகலக் கூண்டுக் கம்பிகளுக்கு நிற்காது. அதே கம்பிகள் குழந்தை விரலுக்கும் நிற்காது என்பதால் ஃபேன் இருக்க வேண்டிய இடம் உயர அலமாரிதான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாக உப்புத்தாள் போட வேண்டாம், நனைத்துத் தேய்க்கவும். ஒரிஜினல் கறுப்புப் பூச்சு பாதியாவது மிச்சம் இருந்தால் தேய்க்காமலே விடுங்கள். பரிமாற்றத்தில் மதிப்பு அதற்குத்தான்.

பரிமாற்றத்துக்கு வருவோம். தகட்டில் இருக்கும் பேட்டன்ட் தேதியைத் தயாரிப்பு ஆண்டாக விற்பவர்கள் சொல்வார்கள். அது காப்புரிமை பெற்ற தேதி மட்டுமே; ஃபேன் அதற்குப் பல வருடம் கழித்தும் வந்திருக்கலாம். மாடல் எண்ணைக் கேளுங்கள். எமர்சன் 79646 என்றால் 12 அங்குலம், 79648 என்றால் 16; எண்ணுக்கும் இறக்கையின் அளவுக்கும் பொருந்தவில்லை என்றால் இரண்டு ஃபேனைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். பித்தளைக் கூண்டு என்றால் காந்தத்தை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டினால் பித்தளை முலாம் பூசிய இரும்பு.

"ஓடுகிறது" என்ற சொல்லுக்குப் படம் ஆதாரம் ஆகாது, வீடியோ வேண்டும். குளிர்ந்த நிலையில், மிகக் குறைந்த வேகத்திலேயே தொடங்கும் வீடியோ. தொடக்க விசை மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான், இறுகிய புஷ்ஷும் ஒட்டிக்கொண்ட சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச்சும் (வேகம் ஏறியதும் தொடக்கக் காயிலைத் துண்டிப்பது) அங்கே மாட்டிக்கொள்ளும். அதிவேகத்தில் தொடங்கிவிட்டுக் குறைத்துக் காட்டினால் எல்லாம் மறைந்துவிடும்.

அனுப்பும்போது உடைவது பெரும்பாலும் கழுத்து. வார்ப்பிரும்பு அடித்தட்டும் மோட்டார் தலையும் சேர்ந்த எடை பெட்டி விழும் நொடியில் அந்த மெல்லிய இடத்தில் இறங்குகிறது. கூண்டையும் இறக்கையையும் கழற்றி, இறக்கையை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே கட்டுங்கள். எண்ணெய்க் கிண்ணங்களைக் காலி செய்யுங்கள். மோட்டார் தலைக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, கழுத்து தொங்காதபடி நிறுத்துங்கள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவே எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை. மூடியபின் குலுக்கிப் பார்த்தால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.