பேட்ச் போட்ட இடத்தைக் காணோம்: யார்க்டவுன் மாடல் கிட் விமர்சனம்

கப்பலின் உடம்பும் மேல்தளமும் அருமை. ஸ்டிக்கர் தாள் தப்பு. 2,800 ரூபாய்க்குத் தாராளமாக வாங்கலாம். அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். மிச்சம் கப்பல் பைத்தியம் பிடித்தவர்களுக்கு.

நான் காசிமேட்டில் இரும்பு போட்டுகளுக்கு வெல்டிங் செய்கிறவன். மாடல் கட்டுவது ராத்திரி வேலை. யமாட்டோ, பிஸ்மார்க் என்று பெரிய பீரங்கிக் கப்பல்களைத்தான் பலரும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். எனக்கு ரொம்ப நாளாக யார்க்டவுன் மேல்தான் கண். காரணம் என் தொழில்.

1942 மே 8 அன்று பவளக் கடல் சண்டையில் ஒரு ஜப்பானியக் குண்டு இந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தைத் துளைத்து, தளம் தளமாகக் கீழே இறங்கி உள்ளே வெடித்தது. செத்தவர்களும் படுகாயம் பட்டவர்களுமாக 66 பேர். பக்கத்தில் தண்ணீரில் விழுந்த குண்டுகள் வேறு எண்ணெய்த் தொட்டிகளின் தகடு இணைப்புகளைப் பிளந்துவிட்டன. கடலில் எண்ணெய்க் கோடு போட்டுக்கொண்டே மே 27 அன்று ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தது. முழுதாகச் சரிசெய்ய 90 நாள் ஆகும் என்று ஒரு கணக்கு. பசிபிக் கடலின் மிட்வே தீவருகே அடுத்த சண்டை காத்திருந்ததால், அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸ் கொடுத்தது மூன்றே நாள். சுமார் 1,400 பேர் ராப்பகலாக வேலை பார்த்தார்கள். மே 30 அன்று கப்பல் கிளம்பிவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் கையில் இருந்தும், கடைசி ராத்திரி வரை அடித்தகடு அடித்துக்கொண்டிருக்கும் கூட்டம் நாங்கள். அதனால்தான் சொல்கிறேன், அது சாதாரண வேலை இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அதே சண்டையிலிருந்து திரும்பிய ஜப்பானின் ஸூய்காகு கப்பலில் குண்டே விழவில்லை. ஆனால் விமானங்களும் விமானிகளும் நிறையப் போய்விட்டதால் அது ஊரிலேயே நின்றுவிட்டது. அடிபட்டுக் கிடந்த ஷோகாகுவில் மிஞ்சிய விமானிகளை இதில் ஏற்றி அனுப்பியிருக்கலாம், செய்யவில்லை. யார்க்டவுனோ சரடோகா கப்பலின் விமானங்களைக் கடன் வாங்கிக்கொண்டு மிட்வேக்குப் போனது.

சரி, கிட்டுக்கு வருவோம். 1/700 அளவு, கட்டி முடித்தால் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் மட்டத்தோடு அடிப்பாகத்தை வெட்டிவிட்ட வகை என்பதால் மேஜையில் தட்டையாக உட்காரும். அச்சு சுத்தம், பிசிறு குறைவு. அணியத்துப் பக்கம், அதாவது முன்முனையில் மட்டும் கொஞ்சம் உப்புத்தாள் தேய்க்க வேண்டியிருந்தது. நிஜக் கப்பலின் மேல்தளம் மரம். குறுக்காக ஓடும் அந்தப் பலகை வரிகளை இந்த அளவிலும் ஒழுங்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள். நீல பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து ஒரு தடவு தடவினால் வரி வரியாக எழுந்து நிற்கிறது.

கோபம் வந்தது ஸ்டிக்கரில். அமெரிக்க விமானங்களின் இறக்கையில் நீல வட்டம், அதற்குள் வெள்ளை நட்சத்திரம், நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதே என்று 1942 மே மாதத்திலேயே பொட்டை அழித்துவிட்டார்கள். பெட்டியின் மேல் பெரிதாக மிட்வே, ஜூன் 1942 என்று போட்டுவிட்டு, உள்ளே பொட்டு வைத்த ஸ்டிக்கரைக் கொடுத்தால் எப்படி? ஒட்டிக் காயவிட்டு, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, குண்டூசி முனையில் வெள்ளை பெயின்ட் தொட்டு ஒவ்வொரு இறக்கையிலும் வைத்தேன். மூச்சு விட்டால் கை ஆடும்.

இந்தக் குட்டி விமானங்களை அவ்வளவு அக்கறையாகச் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. மிட்வேயில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் ஸோரியுவை மூழ்கடித்தவை யார்க்டவுனின் டைவ் பாமர்கள், அதாவது செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள். அகாகி, ஹிர்யூவோடு சேர்ந்து இந்த ஸோரியுதான் அதே வருஷம் ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு போடப் போனது. மறுநாள் வேறொரு ஜப்பானியப் படை விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட, மெட்ராஸ் பாதி காலியானது. எங்க ஆயா ராயபுரத்திலிருந்து பொன்னேரிக்கு மாட்டுவண்டியில் ஓடிய கதையைச் சாகும்வரை சொல்லும்.

இன்னொரு குறை, விமானக் கொட்டடியின் பக்கவாட்டு ஷட்டர்களை மூடியபடியே வார்த்திருப்பது. இரண்டு மூன்றாவது திறந்திருக்கலாம். மிட்வேயில் தாக்குதல் வருமுன், தீப்பிடிக்காமல் இருக்க விமானப் பெட்ரோல் குழாய்களைக் காலிசெய்து கார்பன் டை ஆக்ஸைடை நிரப்பி வைத்தார்கள். டீசல் டேங்க் பக்கத்தில் டார்ச் பிடித்த எவனுக்கும் இதன் அருமை தெரியும். ஜூன் 4 மதியம் மூன்று குண்டுகள் விழுந்தும் தீயை அடக்கி, தளத்து ஓட்டையை மரமும் தகடும் வைத்து மூடி, கப்பலை மறுபடி ஓட்டினார்கள். அடுத்து வந்த ஜப்பானிய விமானிகள் இது அடிபடாத வேறு கப்பல் என்று நினைத்துத் தாக்கினார்கள். இரண்டு டார்பிடோ. அதற்கும் உடனே மூழ்கவில்லை. 6-ஆம் தேதி ஜப்பானின் ஐ-168 நீர்மூழ்கி மறுபடி அடித்து, 7-ஆம் தேதி காலைதான் யார்க்டவுன் மூழ்கியது.

இவ்வளவு பேர்போன பேட்ச், கிட்டில் எங்கும் இல்லை. தளம் நேற்று இறக்கிய கப்பல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. தனியாக ஒரு துண்டுத் தகடு கொடுத்திருந்தால், வேண்டியவர்கள் ஒட்டிக்கொள்வோம். நானாகச் சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளில் வெட்டி ஒட்டினேன்.

பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, கொடிக்கம்பம் ஒடிந்து வந்தது. விற்றவருக்குப் படம் அனுப்பினேன், பதிலே இல்லை. கிட்டார் கம்பியில் வேறு கம்பம் செய்துகொண்டேன். பசையும் பெயின்ட்டும் பெட்டியில் வராது; அதற்கு இன்னொரு ஆயிரம் ரூபாய் எடுத்து வையுங்கள். என்னைப் போலக் கடற்கரையோரம் குடியிருந்தால் மழை நாளில் பெயின்ட் அடிக்காதீர்கள், பூத்துப்போகும்.