இரண்டாம் பாகமா, டிஎல்சியா? நாலு பேராகச் சேர்ந்து ஆடுகிறவர்களின் கணக்கு

செங்கோட்டையில் நான், தென்காசியில் ஒருவன், ஆரியங்காவில் ஒருவன், புனலூரில் என் மாமா மகன். ஆக நாலு பேர். 1956-ல் செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது எங்கள் சொந்தத்தில் பாதி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலேயே தங்கிவிட்டது. 2010-ல் புனலூர் லைனில் மீட்டர் கேஜ் வண்டி நின்றது. 2018-ல் அகலப்பாதை முழுதாகத் திறக்கும்வரை நாங்கள் நாலு பேரும் தவறாமல் கூடிய இடம் சனிக்கிழமை ராத்திரி கேம்தான். அதனால் ஒரு கேமுக்கு இரண்டாம் பாகம் நல்லதா, இருக்கிற கேமோடு சேர்க்கக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதியான டிஎல்சி நல்லதா என்று யாராவது கேட்டால், விலையை நான் அப்புறம்தான் பார்ப்பேன். எதை வாங்கினால் நாலு பேரும் ஒரே லாபியில், அதாவது ஆட்டத்துக்கு முன் கூடும் இடத்தில், நிற்போம், ஏற்கெனவே வாங்கியது கையில் இருக்குமா? இந்த இரண்டும்தான் முதலில்.

இரண்டாம் பாகத்துக்கு எதிரான கோபத்தில் மறக்க முடியாதது லெஃப்ட் 4 டெட் விவகாரம். அதுவும் நாலு பேர் சேர்ந்து ஆடும் கேம். முதல் பாகம் 2008 நவம்பரில் வந்தது. ஏழு மாதம்கூட ஆகவில்லை, 2009 ஜூனில் இரண்டாம் பாகத்தை வால்வ் நிறுவனம் அறிவித்தது. புது மேப்பும் (ஆடும் களம்) புது ஆயுதமும் முதல் பாகத்துக்கே வரும் என்று நம்பிக் காத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஆடுகிற கூட்டம் இரண்டாக உடையும் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான காரணம். வால்வின் இணையக் கேம் கடையான ஸ்டீமில் தொடங்கிய புறக்கணிப்புக் குழுவில் 40,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். வால்வ் அந்தக் குழுவின் தலைவர்கள் இரண்டு பேரை விமானத்தில் வரவழைத்து, தயாராகிக்கொண்டிருந்த கேமை ஆடிப் பார்க்க வைத்தது. அக்டோபரில் குழு கலைந்தது, நவம்பரில் கேம் வந்தது.

இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், கோபப்பட்டவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அவர்கள் பயந்தபடி நடக்கவில்லை. முதல் பாகத்தை யாரும் பிடுங்கவில்லை. அதன் கதைகளும் படிப்படியாக இரண்டாம் பாகத்துக்குள் வந்தன, 2012-க்குள் எல்லாமே வந்துவிட்டன. கம்ப்யூட்டரில் ஆடியவர்களுக்கு அதற்குத் தனிக் காசும் கிடையாது. ஒரு கேமை வாங்கினாலே இரண்டு கேமும் கையில் இருந்த மாதிரி. நாங்கள் இன்னும் ஆடுவது அதைத்தான்.

இனி டிஎல்சி. 2006 ஏப்ரலில் ஆப்லிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் என்று ஒன்றை எக்ஸ்பாக்ஸில் இரண்டரை டாலருக்கு விற்றார்கள். அன்றைக்கு அது பெரிய அவமானமாகத் தெரிந்தது. எனக்கு அதில் அவ்வளவு கோபம் இல்லை. வாங்காதவன் குதிரையும் ஓடத்தான் செய்தது. 2012-ல் மாஸ் எஃபெக்ட் 3 வெளியான அன்றே, கதைக்கு வேரான பழைய இனத்தின் ஆள் ஒருவனைத் தனியாகப் பத்து டாலருக்கு வைத்தார்கள். அது தப்பு. சாப்பாட்டுக்குக் காசு வாங்கிவிட்டு, இலையில் சாம்பாருக்குத் தனியாகக் கேட்பது போன்றது அது.

எங்களை உண்மையிலேயே உடைத்தது சீசன் பாஸ், அதாவது வரப்போகும் டிஎல்சிகளுக்கு மொத்தமாக முன்கூட்டியே காசு கட்டுவது. ஒரு துப்பாக்கிச் சண்டைக் கேம், பெயர் வேண்டாம். மூன்று பேர் பாஸ் வாங்கினோம். ஆரியங்காவுக்காரன் வாங்கவில்லை. ரப்பர் விலை விழுந்திருந்த வருஷம் அது, அவன் வீட்டில் அதைக் கேட்கவே முடியாது. அன்றைக்கு ராத்திரி புது மேப்பைத் திறந்ததும் அவன் பெயர் மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது.

"மாப்ள, உன்ன உள்ள இழுக்க முடியல."

"அந்த மேப் எங்கிட்ட இல்லல்லா. நீங்க ஆடுங்கல, நான் படுக்கேன்."

ஹெட்செட்டில் அவன் வீட்டு மழைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. நாங்கள் மூன்று பேரும் அந்த மேப்பை ஒரு சுற்றுகூட முழுதாக ஆடவில்லை. கொடுத்த காசு வீண் என்பதைவிட, அவனை வெளியே நிறுத்திவிட்டோம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்தப் பிரிவினை நிறுவனங்களுக்கும் தெரியும். 2017-ல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2-க்கு சீசன் பாஸையே எடுத்துவிட்டு, மேப் எல்லாருக்கும் இலவசம் என்றார்கள். நல்ல முடிவு. ஆனால் போன வருமானத்தை, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸில் தேடினார்கள். லூக் ஸ்கைவாக்கர் என்ற நாயகனைத் திறக்க 60,000 கிரெடிட் (கேமுக்குள் சேர்க்கும் காசு), அதைச் சேர்க்க ஏறக்குறைய 40 மணி நேரம் என்று ஆடியவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எதிர்ப்பில் அந்த அளவை முக்கால் பங்கு குறைத்தார்கள், கேம் வெளியாகும் தறுவாயில் காசு கொடுத்து வாங்கும் வசதியையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வருஷம் பெல்ஜியத்தில் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டார்கள். சீசன் பாஸ் நண்பனை வெளியே நிறுத்தியது, லூட் பாக்ஸ் அவனை உள்ளே விட்டு, காசு கொடுத்தவனிடம் தோற்க வைத்தது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், எனக்கு இரண்டுமே வேண்டாம்.

காசுக்கு ஈடாகத் தந்த டிஎல்சியும் இருக்கிறது. விட்சர் 3-க்கு 16 சின்னச் சேர்க்கைகள் இலவசம். 2016-ல் அதற்கே காசுக்கு வந்த பிளட் அண்ட் வைன் புது நாடு, புதுக் கதை, நாள்கணக்கில் ஆடலாம். 2024-ல் எல்டன் ரிங்கின் டிஎல்சி 40 டாலர், ஒரு முழுக் கேமின் விலைக்குப் பக்கம். வாங்கியவர்கள் பெரும்பாலும் அளவைப் பற்றிக் குறை சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து ஆடுகிறவருக்கு இரண்டாம் பாகத்தைவிட இந்த மாதிரிப் பெரிய டிஎல்சியைத்தான் நான் தயங்காமல் சொல்வேன்.

கூட்டமாக ஆடுகிறவர்கள் இவை எல்லாவற்றையும்விட அதிகம் பயப்பட வேண்டியது வேறொன்று: பழையதை அழித்துவிட்டு வரும் இரண்டாம் பாகம். 2016-ல் காசு கொடுத்து வாங்கிய ஓவர்வாட்ச், 2022 அக்டோபரில் அப்படியே மூடப்பட்டு ஓவர்வாட்ச் 2 ஆனது. இலவசம்தான். ஆனால் ஆறு பேர் அணி ஐந்து பேராகிவிட்டது. ஆறு பேராகச் சேர்ந்து ஆடியவர்கள் அன்றைக்கு ஒருவரை எழுந்து போகச் சொல்ல வேண்டியிருந்தது. எதைக் காட்டி இரண்டாம் பாகம் என்றார்களோ, அந்தப் பெரிய கதைப் பகுதியின் முக்கியமான அங்கத்தையும் 2023 மே மாதம் கைவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஸ்டீமுக்கு வந்தபோது மக்கள் எழுதிக் குவித்த கண்டனத்தை வெறும் கூச்சல் என்று என்னால் தள்ள முடியவில்லை. லெஃப்ட் 4 டெட் 2 காசு வாங்கியது, பழையதையும் விட்டுவைத்தது. இது காசு வாங்கவில்லை, பழையதை எடுத்துக்கொண்டது. காசு வாங்கியவர்களைத்தான் நான் நம்புவேன்.

புனலூர்க்காரன் இந்த ஓணத்துக்கு ஒரு புது இரண்டாம் பாகம் வாங்கலாம் என்கிறான். முதல் பாகத்தின் சர்வர் தொடர்ந்து ஓடுமா என்று விற்பனைப் பக்கம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை. அது தெரியும்வரை என் பங்கு வராது என்று சொல்லிவிட்டேன். ஆரியங்காவுக்காரனும் அதையே சொல்கிறான்.