மலையில ஐபேக் படிவம்: பல வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஹட்டி (படுகர் ஊர்), எஸ்டேட் லைன் வீடுன்னு ஏறி இறங்கி சுகர், பிரஷர் சர்வேக்கு கேள்வி கேட்டு எழுதுற வேலை எனக்கு. அதுல உடல் உழைப்பு பகுதிக்கு பல வருஷமா ஐபேக் (IPAQ, ஒருத்தர் எவ்ளோ உடல் உழைப்பு செய்றாங்கன்னு கேக்குற சர்வதேச கேள்விப் படிவம்) குறும்படிவம்தான், நடுவுல ஜிபேக்கும் (GPAQ, அதே மாதிரி உலக சுகாதார நிறுவனத்தோட படிவம்) யூஸ் பண்ணிருக்கேன். இந்த வேலைக்கு புதுசா வர்றவங்களுக்காக எழுதுறேன்.

ஐபேக்ல 7 கேள்விதான். போன 7 நாள்ல கடினமான வேலை எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம், அதே மாதிரி மிதமான வேலை, நடை, கடைசியா உக்காந்திருந்த நேரம். செலவே இல்ல, சீக்கிரம் முடிஞ்சிரும். ஆனா 12 நாட்டுல சோதிச்சு 2003ல வெளியிட்ட ஆய்வுலயே, இடுப்புல கட்டுற மெஷினோட ஒப்பிட்டப்ப ஒத்துப்போன அளவு 0.30 பக்கம்தான் வந்துச்சு, முழுசா ஒத்துப்போனா 1 வரணும். அதனால ஒரு ஆளோட நிமிஷக் கணக்கை இதுல எடுத்து "நீங்க இவ்ளோதான் நடக்குறீங்க"ன்னு அவங்ககிட்டயே சொல்றது சுத்தமா தப்பு. பெரிய கூட்டத்துல எந்த ஊர்ல யாரு ரொம்ப உக்காந்தே இருக்காங்கன்னு பாக்க உதவும், அவ்ளோதான்.

மலையில பிரச்சனை இன்னும் ஜாஸ்தி. கொழுந்து பறிச்சு மூட்டையைத் தலையில வச்சு மேட்டுல ஏறி எடை போடுற இடத்துக்கு வர்ற அக்காவ எடுத்துக்கோங்க, ஏறுறது அரைமணி நேரம், வாரத்துல 5 நாள்னு வைங்க. அதை நடைன்னு எழுதினா 3.3 மெட் (சும்மா உக்காந்திருக்குறதை 1ன்னு வச்சு உழைப்பு எத்தனை மடங்குன்னு சொல்ற அளவு), அதை நிமிஷத்தாலயும் நாளாலயும் பெருக்கினா மொத்தம் 495. மிதமான வேலைன்னா 4, 600 வரும். கனமான சுமை தூக்குறதுன்னு எழுதினா 8, ஒரேடியா 1200. அதே அக்கா, அதே மேடு, எழுதுற ஆளைப் பொறுத்து ரெண்டு மடங்குக்கு மேல மாறுது!! "நடந்தீங்களா"ன்னு கேட்டா "நடக்காம எப்படிம்மா காட்டுக்குப் போறது"ன்னு கேக்குறாங்க, அவங்களுக்கு நடைன்னா டாக்டர் போகச் சொன்ன வாக்கிங், காட்டுக்குப் போறது வேலை.

அப்புறம் 10 நிமிஷம் தொடர்ச்சியா செஞ்சதை மட்டும் சொல்லுங்கன்னு வரும். இங்க வீட்டுல இருந்து ரோட்டுக்கு படி ஏறுறதே அஞ்சு நிமிஷம்தான், ஆனா ஒரு நாளைக்கு எத்தனை தடவை, அதெல்லாம் கணக்குலயே வராது. உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதல்ல அந்த 10 நிமிஷ நிபந்தனையை எடுத்துட்டாங்க, படிவத்துல இன்னும் இருக்கு.

சீசன் பாத்துதான் போகணும். உறைபனி காலத்துல இலை வரத்து கம்மி, அந்த 7 நாளை வச்சு வருஷம் பூரா இப்படித்தான்னு எழுதிட முடியாது. காட்டெருமை நடமாட்டம் இருந்தா சாயங்காலம் நடக்குறவங்களும் வெளிய வர மாட்டாங்க, நான் எப்பவும் மாசத்தையும் இந்த மாதிரி விஷயத்தையும் படிவத்து ஓரத்துல எழுதி வைப்பேன்.

அப்ப மெஷினே கட்டிடலாமேன்னு கேப்பீங்க. இடுப்பு மெஷினுக்கு அசைவு மட்டும்தான் தெரியும், மேடும் தெரியாது தலையில இருக்குற சுமையும் தெரியாது. அதனால முடிஞ்சா ரெண்டும் வேணும்.

எனக்கு நல்லா வேலை செஞ்ச முறை, நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து என்ன என்ன செஞ்சீங்கன்னு கதை மாதிரி கேட்டு, அப்புறம் அதுல இருந்து மத்த நாளுக்குப் போறது. நேரம் ஆகும், ஆனா "தினமும் அரைமணி"ன்னு மனப்பாடமா வர்ற பதில் பாதி குறைஞ்சிரும். ரெண்டு படிவத்துல ஒண்ணுன்னா இந்தப் பக்கத்துக்கு ஜிபேக்தான் என் ஓட்டு, 16 கேள்வி, கொஞ்சம் நீளம், ஆனா வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம்னு தனித்தனியா கேக்குது, உதாரணப் படம் நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி வச்சுக்கலாம். கொழுந்து மூட்டை, விறகுக் கட்டு, கேரட் தோட்டம் கொத்துறது, இதெல்லாம் எந்தக் கட்டத்துல போடணும்னு டீம்ல முன்னாடியே பேசி எழுதி வச்சுக்கோங்க, ஆளுக்கு ஒரு மாதிரி போட்டா அந்த டேட்டா எதுக்கும் ஆகாது.

கொடைக்கானல் பூம்பாறை பக்கம் பூண்டுத் தோட்டத்துல யாராவது இதைப் பண்ணிருந்தா, சுமை தூக்கி ஏறுறதை நீங்க எதுல போட்டீங்கன்னு சொல்லுங்க.