அரங்கேற்ற இறுவட்டுகளும் எக்ஸாக்ட் ஆடியோ கொப்பியும்

ஒலி இறுவட்டுகளைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு, குறிப்பாக வேறெங்கும் பிரதி கிடைக்காத இறுவட்டுகளை வைத்திருப்பவர்களுக்கு, எக்ஸாக்ட் ஆடியோ கொப்பி என்னும் விண்டோஸ் மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். கடையில் வாங்கிய திரைப்பாடல் இறுவட்டு பழுதானாலும் அதே பாடலை இன்று கைபேசியில் தேடிக் கேட்டுவிடலாம். கொழும்பு பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் நடந்த அரங்கேற்றத்தையோ கோயில் திருவிழாவில் ஒலித்த நாதஸ்வரக் கச்சேரியையோ பதிவு செய்தவர் வீட்டாருக்கென்று ஓரிரு பிரதிகள் மட்டும் பதிந்து கொடுத்திருப்பார். அது போனால் போனதுதான். இந்த மதிப்புரையை அத்தகைய இறுவட்டுகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஒலி இறுவட்டை நகலெடுப்பது கோப்புகளை இழுத்துப் போடுவதைப் போல எளிதான காரியமன்று. ஒரு செக்கன் இசை 75 கூறுகளாகப் பதியப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கூறிலும் 2352 பைட் இருக்கிறது. தரவு இறுவட்டில் இதே அளவு கூறில் 2048 பைட் மட்டுமே தரவுக்கு உரியது; மீதியில் பெரும்பகுதி பிழையைக் கண்டறிந்து திருத்துவதற்கென ஒதுக்கப்பட்டிருக்கும். ஒலி இறுவட்டில் அந்தக் கூடுதல் காப்பு இல்லை. 2352 பைட்டும் ஒலியே. எல்லா இறுவட்டுகளுக்கும் பொதுவான அடிப்படைப் பிழைத் திருத்தத்துக்கும் அடங்காத கீறல் வரும்போது, வாசிக்கும் கருவி பக்கத்திலுள்ள ஒலி மாதிரிகளைக் கொண்டு விடுபட்டதை ஊகித்து நிரப்பிவிட்டு மேலே சென்றுவிடுகிறது. சாதாரண மென்பொருள்கள் அந்த ஊகத்தை அப்படியே சேமித்து, வேலை முழுமையாக முடிந்ததென்று அறிவித்துவிடுகின்றன. மிருதங்கத்தின் சொல்லொன்று மழுங்கிப் போனதை நாம் எத்தனையோ காலம் கழித்துத்தான் கவனிப்போம். அதற்குள் இறுவட்டும் மேலும் கெட்டிருக்கும்.

ஜெர்மனியரான அந்த்ரே வீத்தோஃப் உருவாக்கிய இம்மென்பொருள் பாதுகாப்பான முறையில் இயங்கும்போது ஒவ்வொரு கூறையும் குறைந்தது இரண்டு தடவை வாசித்து ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்துவராவிட்டால் 16 தடவை திரும்ப வாசித்து, அவற்றில் 8 ஒரே மாதிரியாக அமைந்தால்தான் அதை ஏற்கிறது. இல்லையேல் அந்தப் பதினாறையும் மறுபடி தொடங்குகிறது. மிக மோசமான இடத்தில் ஒரே கூறு 82 தடவை வரை வாசிக்கப்படலாம். கீறல் விழுந்த அரங்கேற்ற இறுவட்டொன்றில் வர்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சீராக முன்னேறிய பட்டை திடீரென நின்றுவிடும், பிழைத் திருத்தத்தைக் காட்டும் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறும், இறுவட்டின் சுழல் ஒலியும் தணியும். அப்படியும் தீராவிட்டால், ஐயத்துக்குரிய இடம் எந்த நிமிடத்தில், எந்தச் செக்கனில் இருக்கிறது என்பதை முடிவில் ஓர் அறிக்கையில் எழுதி வைக்கிறது. அந்த இடத்தைக் காதுக்கருவி வைத்துக் கேட்டு, இறுவட்டைத் துடைத்து மீண்டும் முயல்வதா, இன்னொரு வீட்டிலுள்ள பிரதியைத் தேடுவதா என்று நாம் தீர்மானிக்கலாம். முடியாததை முடியவில்லை என்று சொல்லிவிடும் இந்த நேர்மைதான் என்னை இம்மென்பொருளோடு கட்டிவைத்திருக்கிறது.

அக்கியூரேட்றிப் என்ற தரவுத்தளத்தோடும் இது தொடர்புகொள்கிறது. உலகில் வேறு யாரேனும் அதே இறுவட்டை நகலெடுத்திருந்தால், அவருடைய பிரதியின் தரவைக் கொண்டு கணித்த சரிபார்ப்பு எண்ணும் நம்முடையதும் பொருந்துகின்றனவா என்று சொல்லும். பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட இறுவட்டுகளுக்கு இது மிகுந்த ஆறுதல். நம் மண்டபங்களில் பதிவான இறுவட்டுகளை அந்தத் தளம் அறிந்திருக்க வழியில்லை. ஆகவே சோதித்து நகலெடுக்கும் தெரிவையே பயன்படுத்த வேண்டும்: மென்பொருள் ஒரு தடவை வாசித்துச் சரிபார்ப்பு எண்ணைக் கணித்துக்கொண்டு, மறுபடி வாசித்துச் சேமிக்கிறது. இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம். நேரம் இரட்டிப்பாகும், அதை நான் குறையாகக் கருதவில்லை.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முகப்பு மிகப் பழைய பாணியிலானது. பொத்தான்களின் பொருள் முதற்பார்வையில் விளங்காது. முதலில் வரும் அமைப்பு வழிகாட்டியைப் பொறுமையாக முடிக்காமல் யாரும் தொடங்கக்கூடாது. அதிலும், நம் கருவி வாசித்ததைத் தன் தற்காலிக நினைவில் வைத்துக்கொள்கிறதா என்பதை மென்பொருளே கண்டறிய விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வாசிப்பு இறுவட்டிலிருந்து வராமல் அந்த நினைவிலிருந்தே வந்து, ஒப்பீடு பொருளற்றதாகிவிடும். தமிழ் இறுவட்டுகளின் விவரங்களை இணையத் தளங்களிலிருந்து எடுத்தால் ஒரே பாடகரின் பெயர் ஆங்கில எழுத்தில் பல விதமாக வந்து சேரும். நானோ உருப்படிகளின் பெயரையும் இராகத்தையும் தாளத்தையும் தமிழிலேயே தட்டச்சுச் செய்துவிடுகிறேன். மென்பொருள் தமிழ் எழுத்துகளைச் சிக்கலின்றி ஏற்கிறது.

சேமிக்க ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்; அதற்கான நிரல் நிறுவலோடு சேர்ந்தே வருகிறது. அழுத்தப்படாத ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் பிடிக்கும். ஃபிளாக் அதை ஒரு துளியும் இழக்காமல் பெரும்பாலும் பாதியளவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறது. எம்பி3 இடத்தை இன்னும் மிச்சப்படுத்தினாலும் ஒலியின் ஒரு பகுதியைக் களைந்துவிடுகிறது, அத்துடன் உருப்படிகளின் எல்லையில் சிறு மௌனத்தையும் புகுத்திவிடலாம். ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்கும் கீர்த்தனையிலிருந்து தனி ஆவர்த்தனத்துக்கும் இடைவெளியின்றிச் செல்லும் கச்சேரிப் பதிவில் அந்த மௌனம் காதை உறுத்தும்.

கருவியைப் பொறுத்தவரை, இப்போதைய மடிக்கணினிகளில் இறுவட்டுக்கு இடமே இல்லாததால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலுள்ள கணினிக் கடைகளில் யூ.எஸ்.பி.யில் இணைக்கும் வெளிக்கருவி ஒன்றை வாங்க வேண்டியிருக்கும். ஒரு கருவி வாசிக்க மறுத்த இடத்தை இன்னொன்று தடங்கலின்றி வாசித்துவிடுவது உண்டு. பழைய மேசைக்கணினியில் ஒன்று இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இறுவட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டாம். பெயர் எழுதியிருக்கும் மேற்பக்கத்தையும் காப்பாற்ற வேண்டும். ஒளியைத் திருப்பும் படலம் அந்தப் பக்கத்துக்கு உடனடியாகக் கீழேதான் இருக்கிறது. அங்கே உரிந்துபோனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

நூறு பாடல் என்று அச்சிட்டு விற்கப்பட்ட எம்பி3 இறுவட்டுகளுக்கு இது தேவையில்லை. அவற்றில் இருப்பவை கோப்புகளே, அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். மக் கணினி வைத்திருப்போர் எக்ஸ்.எல்.டி. என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம். அதுவும் ஐயமான இடத்தில் திரும்ப வாசிக்கிறது, அக்கியூரேட்றிப்போடு ஒப்பிடுகிறது, அறிக்கையும் எழுதி வைக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் அந்த அறிக்கைக் கோப்பை இசைக் கோப்புகளோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். பிரதி கேட்கும் உறவினருக்கு அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.