எதிலீன் கிளைகாலா, புரொப்பிலீன் கிளைகாலா?

சென்னை மணலியில் எங்கள் ரசாயனக் கிடங்குக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் முதலில் மூடிய இரண்டு குப்பிகளைக் கொடுப்பேன். ஒன்றில் எதிலீன் கிளைகால், மற்றதில் புரொப்பிலீன் கிளைகால். இரண்டுக்கும் நிறமில்லை; சாய்த்தால் இளம்பாகு போல் நகரும். எது எதுவென்று கண்ணால் பார்த்து யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. ஒளிவிலகல் எண்கூட 1.431, 1.432 என்று ஒட்டியே நிற்கிறது. தராசில்தான் பிரியும்: லிட்டருக்கு முன்னது 1.11 கிலோ, பின்னது 1.04 கிலோ.

மூலப்பொருளாக இரண்டுக்கும் போட்டி குறைவு. பாலியெஸ்டர் நூலுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் எதிலீன் கிளைகால் போகிறது. மணலியிலேயே தயாராகும் புரொப்பிலீன் கிளைகால், காசிமேட்டில் நிற்கும் ஃபைபர் படகுகளுக்கான பிசின் வகைக்குப் போகிறது.

போட்டி குளிர்விப்பில்தான். லாரி ரேடியேட்டருக்கு என் தேர்வு எதிலீன் கிளைகால். அது பிசுக்கு குறைந்தது, வெப்பத்தை நன்றாகக் கடத்தும். உறைபனி காணாத சென்னையில் அதன் பயன் கொதிநிலையை உயர்த்துவது. பாதிக்குப் பாதி நீர் கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி. மீன் பதனிடும் கூடம், பால் குளிரூட்டும் நிலையம் என்றால் பம்புக்கு மின்சாரம் கூடச் செலவானாலும் புரொப்பிலீன் கிளைகால்தான். குழாய் என்றாவது கசியும்.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. புரொப்பிலீன் கிளைகாலைக் கல்லீரல் லாக்டிக் அமிலமாக்குகிறது. உடலுக்கு அது பழகிய பொருள். எதிலீன் கிளைகாலோ ஆக்சாலிக் அமிலம் வரை போய், கால்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது. சுவை இனிப்பு என்பதுதான் கொடுமை. குடித்தவர் முதலில் மது அருந்தியவர் போலத் தள்ளாடுவார். தூங்கித் தெளியட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மாற்றுமருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலிக்கும். லேபிளையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இவற்றின் உறவான டைஎதிலீன் கிளைகால் கலந்த மருந்தால் 1972-இல் இதே சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். அதனால் மருந்துக்குப் போகும் புரொப்பிலீன் கிளைகால் சரக்கில் தராசை நம்பமாட்டேன். சில சதவீதக் கலப்பை அது காட்டிக்கொடுக்காது. கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராபி சோதனை வேண்டும்.

தீயைப் பொறுத்தவரை இரண்டும் சாது; தீப்பற்று நிலை 100 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ. ஆனாலும் பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றிகள் பக்கத்தில் கூடாது. இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பேரலின் மூடியைத் திறந்துபோட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஹோஸும் பம்பும் இரண்டுக்கும் தனித்தனி.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பேரலின் அடியில் மிஞ்சிய எதிலீன் கிளைகாலைத் தன் வேன் ரேடியேட்டருக்கென்று ஒருவர் தண்ணீர் பாட்டிலில் பிடித்துவைத்தார். வெயிலில் வந்த லோடுமேன் ஒருவர் மூடியைத் திருகியேவிட்டார். "அண்ணே, வேண்டாம்!" என்று கத்தியது நான்தான். அன்றிலிருந்து கிடங்குக்குள் தண்ணீர் பாட்டிலை நான் அனுமதிப்பதில்லை. குடிநீர்ப் பானை வாசலுக்கு வெளியே இருக்கிறது.